கறுப்புப் பைக்குள் ஒரு வரலாறு

டிஸ்கி: வயது வந்தவர்களுக்கான விஷயம்தான். ஆனால் கிளுகிளுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவீர்கள். பாதிக்கு மேல் குப்பை பற்றித்தான் எழுதியிருக்கிறேன். :-)

புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் கோத்ரூட் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். எல்லோரும் தமிழ் ஆட்கள், எல்லோரும் மென்பொருள். 2009 மழைக்காலத்தில் அந்த நால்வரில் ஒருவன் பைக் விபத்தில் போய்விட்டான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். பெயர் வேண்டாம்.

அப்பாவும் சித்தப்பாவும் சென்னை வந்து விமானம் பிடித்து மறுநாள் மதியம் வருவதாகப் போனில் சொன்னார்கள். அன்று ராத்திரி நாங்கள் மூன்று பேரும் அவன் அறையில் உட்கார்ந்திருந்தோம். எங்களில் மூத்தவர் மெதுவாகச் சொன்னார், "அப்பா கண்ணுல படக்கூடாதது ஏதாவது இருந்தா இப்பவே எடுத்துருவோம்டா."

சிகரெட் பாக்கெட், இரண்டு காலி பாட்டில், ஒரு கட்டுப் பத்திரிகை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அலமாரியில் குளிர்காலப் போர்வைக்கு அடியில் ஒரு ஷூ டப்பா இருந்தது. அதற்குள் ஒரு துணியில் சுற்றி ஒரு செக்ஸ் டாய். பேட்டரியில் ஓடுவது. அது எப்படி இருந்தது என்று விவரிக்கப் போவதில்லை. வேறு நாளாக இருந்தால் வாரம் முழுக்கச் சிரித்திருப்போம். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதை என்ன செய்வது? கீழே குப்பைத் தொட்டியில் போட்டால் வாட்ச்மேன் பார்ப்பார். எரிக்கலாம் என்றால் பிளாஸ்டிக், கட்டிடம் முழுக்க நாறும். முட்டா நதியில் வீசலாம் என்றான் ஒருவன். நடுராத்திரியில் பாலத்தில் பையோடு நின்றால் போலீஸ் கேட்காதா? கடைசியில் மூன்று நாள் பேப்பரைச் சுற்றி, கறுப்பு கேரி பேக்கில் போட்டு, டேப் ஒட்டி, சமையலறை சிங்க்குக்கு அடியில் வைத்தோம். காலை ஏழு மணிக்குக் குப்பை எடுக்க வரும் மாவ்ஷியிடம் மற்ற குப்பையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோம். (மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி, பெரியம்மா. அந்த வேலை செய்யும் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ராத்திரி மனதில் தங்கிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மாதிரிச் சாமானை மனுஷன் இதுவரைக்கும் என்னதான் செய்திருக்கிறான்? அங்கே இங்கே படித்துச் சேர்த்து வைத்ததை இப்போது எழுதுகிறேன்.

* * *

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் ஞாபகம் இருக்கும். நாலு பேர் நடுவில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது. "கால் கழுவி வந்தான்" என்று தமிழ் ஐயா உதாரணம் சொல்வார், வகுப்பே கொல்லென்று சிரிக்கும். தொல்காப்பியத்திலேயே 'அவையல் கிளவி' என்று இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆக, கூச்சப்படும் சொல்லை என்ன செய்வது என்று நம் ஆட்கள் இலக்கணமே எழுதி வைத்துவிட்டார்கள்.

கூச்சப்படும் பொருளுக்கு அப்படி ஒரு இலக்கணம் எங்கேயும் கிடையாது. சொல்லை அடக்கினால் அது வாய்க்குள் போய்விடும். பொருளை அடக்கினால் அது எங்கேயாவது போய்க் கிடக்கத்தான் வேண்டும். அப்படிக் கிடந்தவை அகழ்வாராய்ச்சிக்காரர்கள் கையில் அகப்பட்டிருக்கின்றன.

முதல் சாட்சி ஜெர்மனி. உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஹோலே ஃபெல்ஸ் என்று ஒரு குகை. அங்கே கிடைத்த 14 துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தால், சுமார் 20 செ.மீ. நீளத்தில் வழவழப்பாகத் தேய்த்த ஒரு கல் ஆண்குறி. வயது சுமார் 28,000 ஆண்டு. 2005ல் செய்தி வெளியானது. அளவைப் பார்த்தால் வேறு உபயோகமும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், அடித்துச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தக் கல்லில் அடிபட்ட தழும்புகள் இருக்கின்றன. யாரோ அதைச் சுத்தியல் மாதிரி பிடித்து, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி ஆயுதம் செதுக்கியிருக்கிறார்கள். பழைய சாமானுக்கு மறு உபயோகம் என்பது அப்போதே இருந்திருக்கிறது!

இரண்டாவது இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் உள்ள விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை. அங்கே 1992ல் ஒரு அகழிப் பள்ளத்தைத் தோண்டினபோது பழைய செருப்புகள், துணிமணிச் சாமான்கள், பட்டறைக் கழிவு இவற்றோடு ஒரு மரத்துண்டும் கிடைத்தது. 16 செ.மீ., கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. துணி தைக்க உதவும் கருவி என்று பட்டியலில் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 2023ல், இரண்டு ஆய்வாளர்கள் அதை மறுபடி பார்த்துவிட்டு இது ஆண்குறி வடிவம் என்று கட்டுரை எழுதினார்கள். பாலியல் கருவியாக இருக்கலாம், அரைக்கும் குழவியாக இருக்கலாம், சிலையில் செருகும் பாகமாகவும் இருக்கலாம் என்று மூன்று வாய்ப்பு சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், ரோமானியச் சிப்பாய்களின் குப்பைப் பள்ளத்தில் கிடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அதைப் பார்த்தவுடன் சொல்ல நமக்கு முப்பது வருஷம் ஆனது என்பதிலும் இல்லை. படித்தவர்களின் இடக்கரடக்கல்!

மூன்றாவது போலந்தின் க்டான்ஸ்க் நகரம். 2015ல் ஒரு பழைய கழிப்பறைக் குழியைத் தோண்டினார்கள். ஒரு காலத்தில் வாள்வீச்சுப் பள்ளி இருந்த இடம் அது. உள்ளே பழைய வாள்களோடு, தோலில் செய்து உள்ளே மயிர் அடைத்து மர முனை வைத்த 20 செ.மீ. கருவி. 18ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தது, நல்ல நிலையில் இருந்தது. கை தவறி விழுந்ததா, யாராவது வருகிறார்கள் என்று அவசரமாகப் போட்டதா, யாருக்குத் தெரியும்? கறுப்புப் பையும் டேப்பும் இல்லாத காலத்தில் எங்களைப் போல் ஒருவன் அந்தக் குழி முன்னால் நின்றிருப்பான் என்று நான் கற்பனை செய்துகொள்வேன்.

* * *

தனி மனிதன் பள்ளத்தில் போட்டான். ராஜாக்களும் அரசாங்கமும் என்ன செய்தார்கள்?

பூட்டி வைத்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயை 1748ல் தோண்ட ஆரம்பித்தார்கள். விளக்கு, கதவு மணி, சுவர் ஓவியம் என்று எதை எடுத்தாலும் அதில் ஆண்குறி. ரோமானியர்களுக்கு அது கண்திருஷ்டி கழிக்கும் சின்னம், வீட்டு வாசலில் தொங்கவிடுவார்கள், நம் பூசணிக்காய் மாதிரி. 1819ல் பட்டத்து இளவரசர் பிரான்செஸ்கோ மனைவி மகளோடு நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தார். பார்த்துவிட்டு அதிர்ந்துபோய், இதையெல்லாம் தனி அறையில் பூட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். 'ரகசிய அறை' பிறந்தது. 1860ல் கரிபால்டி நேப்பிள்ஸைப் பிடித்ததும் திறக்கச் சொன்னார். அப்புறம் மறுபடி கட்டுப்பாடு. ஆட்சி மாறும்போதெல்லாம் திறப்பதும் மூடுவதுமாகப் போய், பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்தது 2000ல்தான்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இதே கதை. ஜார்ஜ் விட் என்ற மருத்துவர் 1865ல் தான் சேர்த்த 434 பொருள்களை நன்கொடையாகக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, வெளியே வைக்கவும் தைரியமில்லை. 'செக்ரடம்' என்ற ரகசியச் சேகரிப்பு முறைப்படி உருவானது. தகுந்த காரணம் சொல்லும் கனவான்கள் மட்டும் அனுமதி வாங்கிப் பார்க்கலாம். பெண்கள், ஏழைகள், பையன்கள் பார்த்தால் கெட்டுப்போவார்கள், கனவான் பார்த்தால் கெடமாட்டார் என்பது கணக்கு.

அமெரிக்காவில் பூட்டவில்லை, அழித்தார்கள். குட்இயர் 1844ல் ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு டயருக்கு முன்னாலேயே ஆணுறையும் இந்த வகைச் சாமான்களும் மலிவாக வர ஆரம்பித்தன. அந்தோணி காம்ஸ்டாக் என்று ஒருவர் கிளம்பினார். 1873ல் அவர் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. ஆபாசப் பொருளையும் கருத்தடைச் சாதனங்களையும் தபாலில் அனுப்பினால் குற்றம். அவரே தபால் துறையின் சிறப்பு ஏஜென்ட். 1874 தொடக்கத்தில் அவர் கொடுத்த கணக்கில் ரப்பர் பொருள்கள் மட்டும் 60,300. பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட நினைத்த ஏழைப் பெண்ணின் பொருளும் அந்தக் குவியலில்தான் போனது. அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்த மனோபாவம் நூறு வருஷம் கழித்தும் சாகவில்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் ஒருவர் இந்த மாதிரி 6 அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் விற்பதற்குத்தான் வைத்திருக்கிறார் என்று கருதலாம் என்று இருந்தது. ஐந்து வரை சரி போலிருக்கிறது. :-) 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது.

* * *

நம் நாட்டுக்கு வருவோம். 1860ல் வெள்ளைக்காரன் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தின் 292வது பிரிவு ஆபாசப் பொருளை விற்பது, பரப்புவது, இறக்குமதி செய்வது, அதற்காக வைத்திருப்பது ஆகியவற்றைக் குற்றம் என்றது. புத்தகம், படம், உருவம் என்று அடுக்கிவிட்டு "வேறு எந்தப் பொருளும்" என்று முடியும். 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண் 294 ஆனது, விஷயம் கிட்டத்தட்ட அதேதான். கவனிக்க: தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைத்திருப்பதை அந்தப் பிரிவு குற்றம் என்று சொல்லவில்லை. எங்களில் இது யாருக்கும் தெரியாது. ஏதோ கஞ்சா பிடிபட்ட மாதிரி அன்று வியர்த்தோம்.

இறக்குமதிக்கு 1964 ஜனவரியில் வந்த சுங்க அறிவிக்கை ஒன்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் சுங்கத்துறை நிறுத்தும். சமீபத்தில் மும்பையில் ஒரு வழக்கு. ஒரு கம்பெனி உடம்பு பிடித்துவிடும் மசாஜர்களை இறக்குமதி செய்தது. இதை வேறு மாதிரியும் பயன்படுத்தலாமே என்று சுங்க ஆணையர் பறிமுதல் செய்தார். பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில், இது அதிகாரியின் சொந்தக் கற்பனை, தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்று சொல்லி சரக்கை விடச் சொன்னது.

இந்த மசாஜர் குழப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1880களில் மார்டிமர் கிரான்வில் என்ற ஆங்கில மருத்துவர் தசைவலிக்காக மின்சார அதிர்வுக் கருவி செய்தார். விக்டோரியா காலத்து டாக்டர்கள் இதை வைத்துப் பெண்களின் 'ஹிஸ்டீரியா'வுக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்ற கதை 1999ல் வந்த ஒரு புத்தகத்தால் பிரபலமாகி, சினிமாவாகவும் ஆனது. நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். 2018ல் லீபர்மன், ஷாட்ஸ்பர்க் என்ற இருவர் அந்தப் புத்தகம் காட்டிய மூல ஆதாரங்களை எடுத்துச் சரிபார்த்தார்கள். அப்படி நடந்ததற்கு அவற்றில் சான்றே இல்லை. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கருவிகள் வீட்டு உபயோகச் சாமானாக, உடம்பு வலிக்கு என்று பத்திரிகைகளில் வெளிப்படையாக விளம்பரமானது மட்டும் உண்மை. 'மசாஜர்' என்ற பெயரே ஒரு இடக்கரடக்கல்தான், அன்றைக்கும் இன்றைக்கும்.

* * *

இனி குப்பை. கல், மரம், தோல் எல்லாம் மண்ணோடு ஒத்துப்போகிறவை. இப்போது வருபவை அப்படி இல்லை. வெளியே சிலிக்கான் அல்லது மென்மையான பி.வி.சி., நடுவில் கெட்டி பிளாஸ்டிக், உள்ளே செம்புக் கம்பி சுற்றிய மோட்டார், சர்க்யூட் போர்டு, பேட்டரி. எல்லாவற்றையும் தண்ணீர் புகாதபடி ஒட்டிவிடுவார்கள். பிரித்தெடுப்பது கஷ்டம். மென்மையான பி.வி.சி.யில் தாலேட் என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். 2006ல் நெதர்லாந்து கிரீன்பீஸ் 8 பொருள்களைச் சோதித்ததில் 7ல் அது இருந்தது. குழந்தை பொம்மைக்குக் கட்டுப்பாடு இருந்தது, இதற்கு இல்லை. யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். வெட்கம் என்பது தயாரிப்பாளருக்கு எவ்வளவு வசதி பாருங்கள். இந்தப் பொருள்களுக்கென்று ஒரு சர்வதேசத் தரம், ஐ.எஸ்.ஓ. 3533, வந்தது 2021ல்தான்.

திரும்ப வாங்கும் முயற்சி பிரிட்டனில் நடந்தது. மின்சாமான் விற்றவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்ற ஐரோப்பிய விதி அங்கே 2007ல் நடைமுறைக்கு வந்தது. டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் சரி, இதுவும் மின்சாமான்தானே! லவ்ஹனி என்ற கம்பெனி 'பொதுமன்னிப்பு' என்று பெயர் வைத்து, பழையதைத் தபாலில் அனுப்புங்கள், மறுசுழற்சிக்குக் கொடுக்கிறோம் என்று அறிவித்தது. பெயரைக் கவனியுங்கள். கள்ளத் துப்பாக்கியை ஒப்படைப்பவருக்குக் கொடுப்பதுதான் பொதுமன்னிப்பு. விளையாட்டாக வைத்த பெயர்தான், ஆனால் பொருளை வைத்திருந்தவனின் மனநிலையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

இந்தியாவில் 2016 திடக்கழிவு விதிகள் சானிட்டரி கழிவு என்ற வகையில் நாப்கின், டயப்பரோடு ஆணுறையையும் பெயர் சொல்லிச் சேர்த்தன. அவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றன. மின்கழிவு, பேட்டரி இரண்டுக்கும் 2022ல் தனித்தனி விதிகள் வந்தன. ஆனால் விதி காகிதத்தில் இருக்கும். பையைப் பிரிப்பது ஒரு மனுஷியின் கை.

புனேயில் அந்தக் கைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. குப்பை பொறுக்கும் பெண்கள் 1993ல் இங்கே 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று சங்கம் வைத்தார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகள் என்று அர்த்தம். அதிலிருந்து 'ஸ்வச்' கூட்டுறவு வந்து, 2008லிருந்து வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. ஊர் தூக்கி எறிந்த பழைய நாப்கினை வெறுங்கையால் பிரித்துப் பிரித்து நொந்துபோய், 2013ல் அவர்கள் மூட்டை மூட்டையாக அவற்றைத் தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2017ல் ஒரு எளிய வேண்டுகோள் வைத்தார்கள்: பேப்பரில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், நாங்கள் திறக்காமலே தெரிந்துகொள்வோம். இடக்கரடக்கலுக்குப் பொருள் உலகத்தில் ஒரு இலக்கணம் எழுதியது அந்தப் பெண்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

* * *

2009க்குத் திரும்புகிறேன். மதியம் அப்பா வந்தார். வேட்டி, தோளில் துண்டு. அழவில்லை. மகனின் அறையில் ரொம்ப நேரம் நின்றார். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூட எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவன் சாமான் இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். "இவ்வளவுதான்ப்பா" என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்ன பொய்தான். நேப்பிள்ஸ் இளவரசரும் நல்ல எண்ணத்தில்தான் பூட்டினார். செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தால் மறுபடி அதையேதான் செய்வேன் என்று மட்டும் தெரிகிறது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாவ்ஷி வந்தார். விபத்து அவருக்கும் தெரியும். "நல்ல பையன். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான்" என்றார். எங்களுக்கே தெரியாது அது. குப்பையை வாங்கிக்கொண்டு படி இறங்கப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி மராட்டியில் சொன்னார்:

"தாதா, அன்னிக்குக் குடுத்த கறுப்புப் பை... இனிமே அந்த மாதிரி ஏதாவது இருந்தா செல்லைத் தனியா எடுத்துக் குடுங்க. உள்ளே உருகி ஒழுகியிருந்துச்சு. கை எரிஞ்சுது."

வலது உள்ளங்கையைக் காட்டினார். சிவந்திருந்தது. முகத்தில் கிண்டல் இல்லை, அருவருப்பும் இல்லை. மூன்று படித்த பையன்கள் ராத்திரி முழுக்க யார் கண்ணில் படும் என்றுதான் யோசித்தோம். யார் கையில் படும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஆகவே, வரலாறு படித்ததில் கிடைத்த நீதி இவ்வளவுதான். வீட்டில் அப்படி ஏதாவது இருந்து கழிக்க வேண்டியிருந்தால், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேட்டரியை எடுத்துத் தனியே மின்கழிவில் கொடுங்கள். பேட்டரி பிரிக்க முடியாத வகை என்றால் முழுசாகவே மின்கழிவுக்குப் போகட்டும், லித்தியம் நசுங்கினால் தீப்பிடிக்கும். மிச்சத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுங்கள். ஆற்றில் போடாதீர்கள், எரிக்காதீர்கள்.

அந்த அப்பாவுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்குப் போன் பேசுவேன். போன வருஷம் அவரும் போய்விட்டார். மாவ்ஷி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. எங்கள் இப்போதைய கட்டிடத்தில் வேறொரு மாவ்ஷி வருகிறார். நேற்று ரிமோட்டில் இருந்து எடுத்த இரண்டு செல்லைத் தனியாக ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.